அதே திடல், அதே காதுகள்

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி சுவர்களில். 1967 பொதுத்தேர்தல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரத்து ஊர் எங்களுடையது. வெள்ளையடித்த சுவர் எங்கே கண்ணில் பட்டாலும் ஏதாவது ஒரு கட்சி அதைப் பிடித்து வைத்திருக்கும். ஓரத்தில் கட்சியின் பெயரும், எந்த வருஷம் வரைக்கும் அது அவர்களுக்கு என்பதும் எழுதியிருக்கும். அடுத்த கட்சிக்காரர் அதில் கை வைக்கமாட்டார். நீலமும் காவியும் கரைத்த டப்பாக்களை ஏணியில் தொங்கவிட்டுக்கொண்டு கிளைச் செயலாளரே ஏறி எழுதுவார். கீழே நாங்கள் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படிப்போம். உதயசூரியன் என்ற சொல்லை முதன்முதலில் அப்படித்தான் வாசித்தேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதையும்.

அந்தத் தேர்தலில் எழுத்தைவிடப் பெரிய வேலை செய்தது ஒரு படம். அந்த ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்டதில் காயம்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு இருக்கும் சுவரொட்டி. அவர் வெளியே வந்து வாக்குக் கேட்காமலே பரங்கிமலையில் ஜெயித்தார். எங்கள் அம்மா அந்தச் சுவரொட்டியின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒற்றைப் படம் ஒரு மாநிலத்தையே உலுக்கும் என்பது செல்போன் வந்த பிறகு நடந்த அதிசயம் இல்லை. அப்போதே நடந்தது. ஆகவே இன்றைய பிள்ளைகள் உணர்ச்சிவசப்படுகிறார்கள், நாங்கள் ஆராய்ந்து வாக்களித்தோம் என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் ஊர்த் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரியம்மன் கோயிலுக்கும் ரைஸ் மில்லுக்கும் நடுவில் ஒரு வெற்று மனை. பொதுக்கூட்டம் எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் அங்கேதான். ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். எல்லாக் கட்சிக்கும் அவர்தான் குழாய் கட்டுவார். இரவு ஒன்பதுக்கு உள்ளூர்க்காரர்கள் தொடங்குவார்கள்; வெளியூரிலிருந்து வரும் பெரிய பேச்சாளர் ஏற நடுநிசி ஆகிவிடும். பாயும் சாக்கும் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்போம். வறுத்த வேர்க்கடலை விற்கும். துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பினால் பேச்சாளர் அதைச் சத்தமாக வாசித்துப் பதில் சொல்வார். சொல்லத் தெரியாமல் விழித்தவர்களும் உண்டு. அது அடுத்த நாள் முழுக்கப் பேச்சாக இருக்கும்.

இதைவிட முக்கியமானது அதற்கடுத்த வாரம் நடக்கும். தி.மு.க. கூட்டம் போட்டால், காங்கிரஸோ கம்யூனிஸ்டுகளோ அதே திடலில் ஒரு விளக்கப் பொதுக்கூட்டம் போடுவார்கள். போன வாரம் இந்த மேடையில் நின்று இன்னார் இப்படிச் சொன்னார், உண்மை இது, கணக்கு இது என்று வரிவரியாக மறுப்பார்கள். போன வாரம் கேட்ட அதே ஜனம்தான் இந்த வாரமும் உட்கார்ந்திருக்கும். பொழுதுபோக வேறு என்ன இருந்தது, அதனால் வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். காரணம் எதுவானாலும், பொய் எந்தக் காதில் விழுந்ததோ அதே காதில் பதிலும் விழுந்தது. மேடையில் ஏறிய யாருக்கும் இது தெரியும். அடுத்த வாரம் தன் பேச்சைப் பிரித்துப் போடுவார்கள் என்ற பயம் அவர்கள் நாக்கில் கொஞ்சமாவது இருந்தது.

டீக்கடையிலும் அப்படித்தான். கடைக்கு வரும் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். திராவிடர் கழகத்துத் தையல்காரர் ஒருவர் விடுதலை ஏட்டைக் கொண்டுவருவார். கொத்தனார் ஒருவர் கையில் ஜனசக்தி இருக்கும். பண்ணையின் கணக்கர் ஒரு காங்கிரஸ்காரர். மற்ற இருவரையும் அவருக்கு ஆகாது. ஆனால் கடை ஒன்றுதான், பெஞ்சு ஒன்றுதான். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் இடைமறிப்பார். வார்த்தை தடித்துச் சட்டைப் பிடிக்குப் போய் மறுநாள் காலை அதே பெஞ்சில் வந்து உட்கார்வார்கள்.

அந்தப் பெஞ்சைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் பலர். நானும் அதை நேசித்தவன்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் யார் உட்காரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய். பெண்கள் ஒருவர்கூட உட்காரவில்லை. சேரியிலிருந்து வந்தவர்கள் கடைக்குப் பின்பக்கம் நின்று, தங்களுக்கென்று தனியாக வைத்திருந்த கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, எங்கள் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விவசாயக் கூலிகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும் சங்கம் வைத்ததும் அதற்குப் பின்னால் இருந்தன. மறுநாட்களில் டீக்கடைப் பெஞ்சில் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுடைய உறவுக்காரர்கள் பின்பக்கம் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு அந்த இடத்தில் உரிமை இல்லை. பத்து வயதில் பார்த்த அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

அது பழங்கதையும் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்து அதிகாரிகள் அங்கே போனபோது, அந்தப் பகுதியின் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்ததும் வெளியே வந்தது; வழக்குப் பதிந்தார்கள். 1968-இல் பின்பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் இன்று கேமரா இருக்கிறது. ஊர் மூடி மறைக்க நினைப்பதை அவர்கள் ஒரு மணி நேரத்தில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். என் தங்கை எந்த டீக்கடையிலும் உட்கார்ந்ததில்லை. இன்று மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போட்டு, தாலிக்குத் தங்கம் திட்டம் ஏன் நின்றது என்று அவள் கேட்பதைக் கேட்டால் அந்தக் காலத்து மேடைப் பேச்சாளர்கள் தோற்றார்கள். இது பெரிய வெற்றி. இதை முழு மனசோடு கொண்டாடுகிறேன். பழைய நாள் திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

ஆனாலும் நெருக்கடி நிலைக் காலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1976 ஜனவரி 31 தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்களை மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைதுச் செய்தி எதையும் பத்திரிகையில் போடத் தணிக்கை அதிகாரி விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது, மாவட்டவாரியாக. எங்கள் தையல்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பெயர்களைப் படித்தார். யாரும் விளக்கம் சொல்லவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. ஒரு அரசாங்கம் முழுப் பலத்தோடு வாயைக் கட்டியபோதும், படித்தவர் கேட்பவரிடம் ஒரு விஷயத்தைச் சேர்த்துவிட்டார்.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். நாகர்கோவிலில் இருந்த என் மருமகள் வீட்டாரோடு போனில் பேசினேன். தூத்துக்குடியில் என்ன நடக்கிறது என்று டெல்டாவில் இருக்கும் என்னிடம் அவர்கள் கேட்டார்கள். எல்லாச் செய்தியும் ஒரே குழாய் வழியாக வரும்போது, அந்தக் குழாயைத் திருகி மூட ஓர் உத்தரவு போதும். கையில் தாள் வைத்துக்கொண்டு பெயர் படித்த தையல்காரரை அப்படி மூடியிருக்க முடியாது. பேச வேறு வழிகளும் நமக்கு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

1984-ஐயும் விட்டுவிட மனசில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்றே வதந்தி. கட்சிக்காரர்கள் அவர் தேறிவருவதை வீடியோ எடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் திடலில் ஒரு வேனுக்கு முன்னால் டி.வி. பெட்டியை வைத்துப் போட்டபோது ஊரே திரண்டது. "இது பழைய படம்" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "வந்து கிட்டப் பாரு" என்று இன்னொருவர் அவரை இழுத்துக்கொண்டு போய் முன்னால் உட்காரவைத்தார். படம் முடிந்ததும் அரை மணி நேரம் வாக்குவாதம். தொழில்நுட்பம் அன்றும் எங்களை ஆட்டிவைத்தது. ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரே படத்தை, ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பார்த்தோம். சந்தேகப்பட்டவர் அங்கேயே சந்தேகப்பட்டார்.

அதற்குப் பிறகு சுவர்கள் வெறுமையாயின. தேர்தல் ஆணையத்தின் கெடுபிடி வந்தது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி அணைய வேண்டும் என்றானது. அதில் நியாயம் உண்டு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தூங்க வேண்டும். ரைஸ் மில் மூடியதும் திடலில் காம்ப்ளெக்ஸ் எழும்பியது. கூட்டம் போட இடமில்லாமல் போன அந்தச் சில வருஷங்களில்தான் போன் எல்லோர் கைக்கும் வந்தது.

2017 ஜனவரி 17. அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டுக்காகப் போராடிய இளைஞர்கள் கைதான செய்தி பரவியதும் மெரினாவில் கூட ஆரம்பித்தார்கள். என் தம்பி மகன் அப்போது சென்னையில் பொறியியல் கடைசி வருஷம். இரவு போன் செய்தான். "பெரியப்பா, டி.வி.யைப் பாக்காதீங்க, நான் லைவ் போடுறேன், அதப் பாருங்க." பார்த்தேன். ஆயிரக்கணக்கான போன் விளக்குகள் கடற்கரை முழுக்க. தலைவர் இல்லை, கொடி இல்லை. பேச வந்த அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். பெண்பிள்ளைகள் இரவெல்லாம் பயமில்லாமல் இருந்தார்கள். அவர்களுக்கு யாரோ சோறு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. அதே 23 காலையில் போலீஸ் அடித்து விரட்டியது என்பதும் நடந்ததுதான். அவன் முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு வாரத்தில் ஒரு சட்டம். 1965-இல் இந்திக்கு எதிராகத் தெருவில் இறங்கிய மாணவர்களைப் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு அது மெய்சிலிர்க்கும் காட்சி.

அந்த ஒரு வாரத்தில் யாருமே பேசாத ஒன்றும் இருந்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. மெரினாவில் விளக்கு ஏந்திய அந்த இரவில் மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் எல்லா மாவட்டத்துக்கும் இல்லை. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர் கிடையாது. அதற்காக எந்த ஹேஷ்டேக்கும் நாட்கணக்கில் ஓடி நான் பார்க்கவில்லை. கடைசியில் தேர்தல் வந்தபோது, இணையத்தில் அவ்வளவு பேசும் சென்னையில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை.

இதை அந்தப் பிள்ளைகளின் குறையாகச் சொல்லவில்லை. காளைக்கு ஒரு படம் உண்டு, ஒரு வீரம் உண்டு, ஒரு எதிரி உண்டு. வார்டு சபைக்கு அதெல்லாம் கிடையாது. போனில் எது வேகமாகப் பரவுகிறதோ அதுவே நம் முதல் கவலையாகிவிடுகிறது. சாக்கடையும் தெருவிளக்கும் பரவுவதில்லை. நம் கவலைகளின் வரிசையை யாரோ மாற்றி அடுக்குகிறார்கள். அந்த வரிசையை நாமே அடுக்கினால்தான் ஜனநாயகம்.

வேகமாகப் பரவுவது கொலையும் செய்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்த வதந்தி பொய் என்று போலீஸ் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொன்னது யார் காதில் விழுந்தது? வதந்தி வந்த குரூப்புக்கு மறுப்பு வரவில்லை. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களை இணைத்துப் பரப்பினார்கள். திருப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தவர்களே பயந்து ரயில் ஏறினார்கள். அரசாங்கம் தமிழிலும் இந்தியிலும் மறுத்தது. ஆனால் திடல் இரண்டாகிவிட்டிருந்தது: பொய் ஒன்றில் பேசப்பட்டது, பதில் இன்னொன்றில். அந்தக் காலத்து விளக்கப் பொதுக்கூட்டத்தின் அருமை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்பது சட்டம். மைக் அடங்கியதும் ஊரில் இறங்கும் அந்த அமைதியில் வீட்டுக்குள் அப்பாவும் சித்தப்பாவும் தாழ்ந்த குரலில் பேசி யோசிப்பார்கள். இப்போது அந்த இரண்டு ராத்திரியில்தான் போன் ஓயாமல் அடிக்கிறது. யார் அனுப்பினார்கள், யார் காசு கொடுத்தார்கள், தெரியாது. மேடைக்காரருக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, மைக் செட்டுக்குப் பாக்கி வைத்தால் ஊருக்கே தெரிந்தது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஊருக்கென்று இரண்டு வாட்ஸ்அப் குரூப். முதலில் ஒன்றுதான், ஒரு தேர்தலில் சண்டை வந்து பிரிந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் இரண்டிலும் உண்டு, ஆனால் இவன் அதில் இல்லை, அவன் இதில் இல்லை. ஒரு கோடையில் ஐயனார் குளத்தின் வடகரையை யாரோ வளைத்துவிட்டார்கள் என்று ஒரு குரூப்பில் கிளம்பியது. குளத்தையே விற்றுவிட்டார்கள் என்று இரண்டு நாளில் வளர்ந்தது. மறு குரூப்பில், அது பட்டா நிலம், பொறாமைக்காரர்கள் கிளப்புகிறார்கள் என்றார்கள். ஒரு வாரம் இரண்டு பக்கமும் கொதித்தது. ஒருவர் வார்த்தையும் மற்றவர் காதுக்குப் போகவில்லை. வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் போயின.

2025 மே 1 கிராம சபை. எங்கள் ஊர் ஜனத்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். எப்போதும் போல நூறுநாள் வேலைப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் தலைவர் இல்லை. 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த ஜனவரியோடு காலம் முடிந்து, எங்கள் திருவாரூர் உள்பட 28 மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி. நான் தம்பி மகனிடம் ஒன்றுதான் கேட்டிருந்தேன். "ரெண்டு குரூப்லயும் தேதியப் போடு. குளத்தப் பத்திப் பேசறவங்க எல்லாம் வந்து பேசட்டும்." அவன் போட்டான். "யாரு பெரியப்பா வருவா, எல்லாம் போன்லதான்" என்றும் சொன்னான்.

வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் இரண்டு தரப்பிலும் வந்தார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வேகமாக வாசித்து முடிக்கப் பார்த்தார். நூறுநாள் வேலைப் பெண் ஒருவர் எழுந்தார். சம்பளப் பாக்கி எப்போது வரும் என்று முதலில் கேட்டார். பிறகு, "அந்தக் கொளத்துல நாங்கதான் தூரெடுத்தோம். வடகரை எங்க இருந்து எங்க வரைக்கும்னு எங்களுக்குத் தெரியும், வாங்க காட்டுறேன்" என்றார். பட்டா என்று எழுதியவரும் விற்றுவிட்டார்கள் என்று எழுதியவரும் ஷாமியானாவுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். போனில் எழுதிய வார்த்தைகளில் பாதியை அங்கே யாரும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாதவை அவை. ஒரு மணி நேரம் சத்தம். முடிவில், சர்வேயரை வைத்து நான்கு கரையையும் அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம். பதிவேட்டில் எழுதிப் படித்துக் காட்டினார்கள்.

அந்தப் பக்கத்தைத் தம்பி மகன் படம் எடுத்து இரண்டு குரூப்பிலும் போட்டான். சிங்கப்பூரில் கப்பல்பட்டறையில் வேலை பார்க்கும் பையன் அன்று ராத்திரியே கேட்டான்: "எந்தத் தேதிக்குள்ள அளக்கணும்னு எழுதலையே, ஏன்?" நல்ல கேள்வி. கூட்டத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவன் இருக்கும் தூரத்திலிருந்து அவனுக்குத் தோன்றியது, போன் இருந்ததால் எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சர்வேயர் சீக்கிரம் வருவதாக இல்லை. தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள். கேட்டால் பார்க்கிறேன் என்கிறார். வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவராக இருந்தால் காலையில் வீட்டு வாசலில் போய் நின்றிருப்போம். உள்ளாட்சித் தேர்தலை எப்போது நடத்தப்போகிறீர்கள் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்று தங்கை சொல்கிறாள். மகளிர் குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள், தாளில். அடுத்த கிராம சபையில் குளத்தை முதல் பொருளாக எடுக்க வேண்டும், இந்தத் தடவை தேதி போட்டு எழுத வேண்டும் என்று நூறுநாள் வேலைப் பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அதை இரண்டு குரூப்பிலும் ஒரே நேரத்தில் போடும் வேலை தம்பி மகனுடையது.